தக்காளிப் புரதம் கூடுகிறதா? சமையலறைக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தக்காளியைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, தக்காளிக் கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சர், நான் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'நம் நாட்டில் தக்காளி மூலம் கிடைக்கும் புரதம், 1961 முதல் இன்று வரை' என்று எனக்கு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து கிராஃப் வரைந்தேன். கோடு நன்றாக மேலே ஏறுகிறது. 'தக்காளியால் இந்திய மக்களின் புரத ஊட்டம் பல மடங்கு உயர்ந்துள்ளது' என்று முடிவு எழுதலாமா?
கல்லூரி மாணவி, குலசேகரம்

எழுத வேண்டாம் மகளே. கோடு ஏறுவது உண்மைதான். ஆனால் அந்தக் கோடு எதை அளக்கிறது என்று பார்க்காமல் அப்படி எழுதினால், வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பாய்.

அந்த அட்டவணைக்கு உணவுச் சமநிலைக் கணக்கு என்று பெயர். ஒரு நாட்டில் ஓராண்டில் விளைந்த தக்காளியை எடுத்துக்கொள்வார்கள். அதோடு இறக்குமதியைக் கூட்டுவார்கள். ஏற்றுமதி, வழியில் அழுகிப்போனது, சாப்பாடு அல்லாத வேறு வகையில் செலவானது எல்லாவற்றையும் கழிப்பார்கள். மிஞ்சுவது மக்கள் உணவுக்குக் கிடைத்த தக்காளி. அதை மக்கள்தொகையால் வகுத்து, 365 ஆல் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று வரும். அந்த கிராமை, தக்காளியில் நூற்றுக்கு எவ்வளவு புரதம் என்ற எண்ணால் பெருக்கினால் உன் அட்டவணையில் இருக்கும் எண் கிடைக்கும். சாஸும் பேஸ்டும்கூட அதில் உண்டு. 1 கிலோ பேஸ்டுக்கு 5, 6 கிலோ பழம் வேண்டும் என்பதால், அவற்றைப் பச்சைப் பழமாக மாற்றிச் சேர்ப்பார்கள்.

சரி, நீயே ஒரு தாளில் போட்டுப் பார். இப்போது இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் தக்காளி விளைகிறது. சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. மக்கள்தொகை சுமார் 140 கோடி. வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 14 கிலோ சொச்சம், நாளைக்கு 39 கிராம். ஒரு சின்னப் பழத்தின் எடை. 100 கிராம் தக்காளியில் 94, 95 கிராம் தண்ணீர்தான். புரதம் 1 கிராமுக்கும் சற்றுக் குறைவு, 0.9 என்று வைத்துக்கொள். 39 கிராமில் 0.35 கிராம் புரதம். அழுகியதைக் கழித்தால் 0.3 கிராம் அளவில் நிற்கும்.

இப்போது தேவையைப் பார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு சுமார் 46 கிராம். அதில் தக்காளி தருவது 0.3. தக்காளியை மட்டும் நம்பி 46 கிராமை எட்டப் பார்த்தால் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்.

'பல மடங்கு' என்ற சொல் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். ஒரு பேச்சுக்கு, 0.03 கிராமாக இருந்தது 0.3 ஆகிவிட்டது என்று வை. பத்து மடங்கு. கிராஃப் தாளில் மலை ஏறுகிற மாதிரி தெரியும். கூடியது எவ்வளவு? 0.27 கிராம். அந்தப் புரதம் எத்தனை சிறுபயறில் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்து, நேற்று என் சமையலறைத் தராசில் 100 மணி எண்ணி வைத்தேன். 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. சிறுபயறில் நூற்றுக்கு 24 கிராம் அளவில் புரதம் உண்டு. அப்படியானால் 0.27 கிராம் புரதத்துக்கு 30 மணி போதும். இத்தனை ஆண்டுகளில் ஏறிய மலை ஒரு சிட்டிகைப் பயறில் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனி. அந்த அட்டவணையில் புரதத்தை இரண்டு தசம இடம் வரைதான் தருகிறார்கள். எண் மிகச் சிறியதாக இருக்கும் பழைய ஆண்டுகளில் 0.03 என்பது 0.04 ஆனாலே மூன்றில் ஒரு பங்கு உயர்வு போலத் தோன்றும். அது மீதித் தசமங்களை விட்டு எழுதும் முழுமையாக்கலால் மட்டும் வந்த படிக்கட்டாக இருக்கலாம். எனவே ஆண்டுக்கு ஆண்டு சதவீத வளர்ச்சி போடாதே. ஐந்தாண்டுச் சராசரி எடுத்துக்கொள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் புரதக் கோடு தனியாக அளந்து போட்டதல்ல. 1961-ஆம் ஆண்டுத் தக்காளியையும் இப்போதைய தக்காளியையும் ஆய்வகத்தில் வைத்து ஒவ்வோர் ஆண்டும் யாரும் புரதம் பார்க்கவில்லை. எடைக்குக் கிடைத்த எண்ணை ஏறத்தாழ மாறாத ஒரே எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள். அதாவது உன் கிராஃபில் ஏறுவது தக்காளியின் எடை. வீரிய ஒட்டு விதைகள் வந்தது, சொட்டு நீர் வந்தது, லாரியும் நல்ல சாலையும் வந்து கோலாரிலும் மதனப்பள்ளியிலும் பறித்த பழம் இரண்டு நாளில் நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் இறங்குவது, இவையெல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. நம் சமையல் மாறியதும் இருக்கிறது. நான் இரணியலில் வளர்ந்தவள். 1960-களில் அம்மா திங்கள்சந்தைக்குப் போனால் தக்காளி வாங்கி வந்ததாக எனக்கு நினைவே இல்லை. யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால்தான் அந்தக் கோணல்மாணலான புளிப்புப் பழம் கண்ணில் படும். இப்போது என் வீட்டு ஃபிரிட்ஜில் தக்காளி இல்லாத நாள் இல்லை. உன் கோடு சொல்வது இந்தக் கதையை. அது எழுத வேண்டிய நல்ல கதை. புரதம் என்ற தலைப்பு அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே.

கடைசியாக, கிடைப்பது வேறு, சாப்பிடுவது வேறு. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1984-இல் ஒரு பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்தபோது கற்றுக்கொண்டேன். 180 பிள்ளைகள். வாரத்துக்கு 35 கிலோ தக்காளி வாங்குவோம். ஸ்டாக் ரெஜிஸ்டர்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 28 கிராம், புரதம் 0.25 கிராம் என்று எழுதி மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் மட்டும், கழிவு வாளியை வேலைக்கு வரும் அக்காவோடு சேர்ந்து நிறுத்துப் பார்த்தேன். மூட்டை அவிழ்த்ததும் அழுகல் என்று தூக்கிப் போட்டது 4 கிலோ. ரசத்தில் ஒதுக்கிய தோலும், சாம்பாரில் ஒதுக்கிய சதையுமாகத் தட்டிலிருந்து வந்தது 6 கிலோ. பிள்ளைகள் வயிற்றுக்குப் போனது 25 கிலோதான். ஆளுக்கு 20 கிராம், புரதம் 0.18. அதே வாரம் துவரம்பருப்பு 42 கிலோ செலவானது. அதிலிருந்து ஆளுக்கு நாளைக்கு 7 கிராமுக்கு மேல் புரதம் வந்திருக்கிறது. எந்த மூட்டை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

உன் அட்டவணை விடுதி ரெஜிஸ்டர் மாதிரி. கடை வரை வந்ததைச் சொல்லும். தட்டில் மிஞ்சியதைக் கழிக்காது. 'கிடைத்த அளவு' என்றே எழுது, 'உட்கொண்ட அளவு' என்று எழுதாதே. உட்கொள்ளும் அளவை அறிய வேண்டுமானால் மத்தியப் புள்ளியியல் துறையின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பார். அது வீடு வீடாகப் போய்க் கேட்பது. 2022-23 கணக்கெடுப்பின்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தப் புரதம் 60 கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. அதையும் உன் 0.3-ஐயும் ஒரே தாளில், ஒரே அளவுகோலில் வரைந்து காட்டு. தக்காளிக் கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும். அந்த ஒரு படம் உன் ப்ராஜெக்டுக்குப் போதும்.

கேள்வி: மேற்படி அட்டவணையை நானும் வகுப்புக்காகப் பார்த்தேன். பழைய தொடர் 2013-இல் முடிகிறது, புதிய தொடர் 2010-இல் தொடங்குகிறது. பொதுவான ஆண்டுகளில்கூட இரண்டிலும் எண்கள் ஒன்றாக இல்லை. எது சரி? புரதத்தை எப்படி அளக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள்.
அறிவியல் ஆசிரியர், தக்கலை

இரண்டும் அதனதன் முறையில் சரி. இழப்பு, இருப்பு, சாப்பாட்டுக்குப் போனது இவற்றுக்கு நாடுகளிடமிருந்து நேரடி எண் வராதபோது மதிப்பிட்டு நிரப்ப வேண்டும். அந்த மதிப்பீட்டு முறையை அமைப்பு மாற்றியது. மக்கள்தொகை எண்ணும் திருத்தப்பட்டது. அதனால்தான் தொடர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே கோடாக ஒட்டினால் அந்த ஒட்டுப் பகுதியில் ஏற்றமோ இறக்கமோ தெரியும். வயலில் அப்படி எதுவும் நடந்திருக்காது. பிள்ளைகளிடம் இரண்டு நிறப் பேனாவில் வரையச் சொல்லுங்கள் சார். குலசேகரத்து மாணவியும் இதைக் கவனிக்க வேண்டும்.

புரத அளவைக்கு வருவோம். டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883-இல் கண்டுபிடித்த முறைதான் இன்றும் அடிப்படை. உணவை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளப்பார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அதை 6.25 ஆல் பெருக்குவார்கள். தக்காளியில் ஒரு சிக்கல் உண்டு. அதன் நைட்ரஜனில் கணிசமான பங்கு புரதமாகக் கோக்கப்படாமல், தனித்தனி அமினோ அமிலமாகக் கரைந்து கிடக்கிறது. குறிப்பாக குளூட்டமிக் அமிலம். பழம் சிவக்கச் சிவக்க அது கூடும். நன்றாகப் பழுத்த தக்காளி போட்ட ரசத்துக்கு ஒரு கனமான ருசி வருகிறதே, அதற்குப் பெரிய காரணம் இது. ஆக, நாம் சொல்லும் 0.9 கிராமுக்குள்ளும் ஒரு பங்கு, கண்டிப்பாகப் பார்த்தால், புரதம் என்ற பெயருக்கு உரியதல்ல. நாக்குக்கு அது ருசியாகப் போய்ச் சேர்கிறது.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 6 வயது. தக்காளிச் சாதம் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறான். பள்ளிக்கும் அதுதான், ராத்திரிக்கும் அதுதான். 'தக்காளியில் எல்லாச் சத்தும் இருக்கிறது, விடு' என்கிறார் அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது.
இல்லத்தரசி, கருங்கல்

பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். அத்தை சொல்வதில் பாதி சரி. தக்காளியில் வைட்டமின் சி உண்டு. சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் நன்றாக உறிஞ்ச அது உதவும். எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்புச் சத்து பச்சையாகத் தின்பதைவிட நன்றாக உடலில் சேரும். அது கெடுதலான சாப்பாடே இல்லை.

ஆனால் 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் புரதம் வேண்டும். ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி என்றால் அதிலிருந்து 5, 6 கிராம் வரும். ஒரு பெரிய தக்காளி சேர்த்தாலும் அதற்கு மேல் 1 கிராம்கூட வராது. இரண்டு வேளையும் சேர்த்தால் எண் கிட்டத்தட்டத் தேவைக்கு அருகில் வந்துவிடுகிறதே என்று தோன்றும். ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறோ, பாலோ, முட்டையோ, மீனோ கூட வந்தால்தான் அந்தக் குறை தீர்ந்து, அரிசியில் உள்ளதும் வளர்ச்சிக்கு முழுமையாகப் பயன்படும்.

அவன் தக்காளிச் சாதத்தை மாற்றாதீர்கள். அதற்குள்ளே புகுங்கள். தக்காளி வதங்கும்போது ஊறவைத்த சிறுபயறு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், சேர்த்துக் குக்கரில் வைத்தால் 7 கிராம் புரதம் உள்ளே போய்விடும். குழைந்துவிடும், பையன் கண்டுபிடிக்க மாட்டான். இன்னொரு நாள் வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவுங்கள். முட்டை சாப்பிடும் வீடென்றால் ஒரு முட்டையை உடைத்து அந்தத் தொக்கிலேயே கிளறுங்கள், அது 6 கிராம். ராத்திரி ஒரு டம்ளர் பால், அதுவும் 6 கிராம் அளவில். கருங்கலில் சாளை (மத்தி மீன்) மலிவாகக் கிடைக்கும் நாட்களில் இரண்டு சாளையை முள் நீக்கி அதே தக்காளி மசாலாவில் உதிர்த்துப் போடுங்கள். நான் பழகிய வீடுகளில் பிள்ளைகள் மீனை ஒதுக்குவது பெரும்பாலும் முள்ளுக்குப் பயந்துதான்.

இன்னொரு விஷயம், கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நம் குமரி மாவட்டத்தில் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) மட்டும் அவித்து, மிளகாய்த் துவையலோடு பிள்ளைகளுக்குக் கொடுத்து ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. மரச்சீனியிலும் நூற்றுக்கு 1 கிராம் சொச்சம்தான் புரதம். தக்காளியைப் போலவே. வயிறு நிறையும், வளர்ச்சிக்கு ஒன்றும் போகாது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880-களில், ஏழைகளின் பசி தீர மரச்சீனியைப் பரப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அது ஊரையே காப்பாற்றியது. ஆனால் நம் பாட்டிமார் அதை மீன்கறி இல்லாமல் பரிமாறியதில்லை. ஊட்டச்சத்து அட்டவணை எதுவும் பார்க்காமலேயே அந்தச் சேர்க்கையை அவர்கள் சரியாக அமைத்திருந்தார்கள். கிழங்கை வைத்துக்கொண்டு மீனை விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

கேள்வி: கடல் பக்கத்தில் இருக்கிறோம். மீன் இருக்கும்போது தக்காளியில் புரதம் எவ்வளவு என்று உலக அமைப்பு ஏன் கணக்குப் போட வேண்டும்? இதனால் யாருக்கு என்ன பயன்?
மீன்பிடித் தொழிலாளி, குளச்சல்

தம்பி, நியாயமான கேள்வி. அந்தக் கணக்கில் தக்காளி ஒரு வரி மட்டும். அரிசி, கோதுமை, பருப்பு, பால், மீன், வெங்காயம் என்று எல்லாவற்றுக்கும் வரி உண்டு. எல்லா வரியையும் கூட்டினால்தான் ஒரு நாட்டின் மொத்தப் புரதம் தெரியும். சின்ன வரிகளை விட்டால் கூட்டல் பொய்யாகும். தக்காளி அதிகம் தின்னும் நாடுகளில் அந்த வரி நம்முடையதைப் போல அத்தனை சிறியதும் அல்ல. துருக்கியில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 30 லட்சம் டன் விளைகிறது, மக்கள் 8.5 கோடிப் பேர். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராமைத் தாண்டுகிறது, புரதம் கிட்டத்தட்ட 4 கிராம். ஏற்றுமதியும் இழப்பும் போனால் அது இறங்கிவிடும். ஆனாலும் நம் 0.3-க்கு அது எங்கேயோ இருக்கிறது. அங்கேயும் உடம்பைத் தேற்றுவது ரொட்டியும் பாலும் பயறும் இறைச்சியும்தான்.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு பயன் உண்டு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. நம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வள்ளமும் கட்டுமரமும் போகலாம் என்றாலும் மழைக்காலக் கடல் எல்லா நாளும் விடுவதில்லை. அந்த மாதங்களில் பல வீடுகளில் மீன்கறி இருந்த இடத்தில் தக்காளிக் குழம்பு வந்துவிடுகிறது. நிறம் அதே சிவப்பு, புளிப்பு அதே புளிப்பு, சோறும் உள்ளே இறங்கிவிடும். ஆனால் 100 கிராம் சாளையில் 20 கிராம் புரதம் இருந்த இடத்தில், 100 கிராம் தக்காளியில் 1 கிராம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தடைக்காலத்தில் கருவாட்டை விட்டுவிடாதீர்கள். காய்ந்த நெத்திலியில் எடையில் பாதிக்கு மேல் புரதம். உப்பு போட்ட கருவாடானால் நன்றாக ஊறவைத்து அலசி, குழம்பில் உப்புப் போடாமல் வையுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அதற்குப் பதிலாகச் சிறுபயறோ தட்டைப்பயறோ போதும்.

எங்கள் அம்மா வைத்த மீன்குழம்பில் தக்காளியே கிடையாது. தேங்காய், மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்து, கொடம்புளியோ மாங்காயோ போட்டு இறக்குவாள். அப்போது 'தக்காளி' என்றால் எங்கள் தோட்டத்து மணத்தக்காளிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் முன்பே நம் மண்ணின் செடிகளுக்கு இருந்தது. கடல் தாண்டி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பழத்துக்கு நாம் அதை எடுத்துக் கொடுத்துவிட்டோம்.

கேள்வி: தக்காளி விதையில் புரதம் அதிகம் என்கிறார்களே, உண்மையா?
வாசகர், மார்த்தாண்டம்

உண்மை. காய்ந்த விதையின் எடையில் கால் பங்கு அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் ஒரு பழத்தில் விதை கொஞ்சம்தான், அதையும் நாம் மெல்லாமல் விழுங்குகிறோம், அது அப்படியே வெளியே வந்துவிடுகிறது. சாஸ் தொழிற்சாலைகளில் மிஞ்சும் விதையும் தோலும் மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. வீட்டில் அதற்காக எதையும் செய்ய வேண்டியதில்லை. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் விதை பற்றி மருத்துவரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் இருக்கிறேன். வள்ளியூர் பக்கம் கொஞ்சம் நிலம். போன வருடம் விலை விழுந்து பறிப்புக் கூலிக்கே கட்டாமல், பழுத்த தக்காளியைச் செடியோடு விட்டு உழுதேன். நீங்கள் எல்லோரும் ஆளுக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போடுகிறீர்கள். நான் உழுததும் அந்தக் கணக்கில் இருக்கிறதா?
விவசாயி, ஆரல்வாய்மொழி

அண்ணாச்சி, இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முறைப்படி, பறிக்காமல் விட்டது விளைச்சலில் சேரக்கூடாது. பறித்த பிறகு சந்தைக்கும் கடைக்கும் போகும் வழியில் கெடுவதுதான் இழப்பு என்ற வரியில் வரும். ஆனால் பயிரிட்ட பரப்பையும் சராசரி விளைச்சலையும் பெருக்கி மதிப்பிடும்போது, நீங்கள் உழுத வயலும் விளைந்ததாகக் கணக்கில் ஏறிவிட வழி இருக்கிறது. அப்படியானால் உங்கள் மண்ணுக்குள் போன பழம் தாளில் யாரோ ஒருவர் சாப்பிட்ட புரதமாக நிற்கும். பறித்த பிறகான இழப்பைப் பற்றி லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் ஆய்வு நிறுவனம் 2015-இல் ஓர் அறிக்கை தந்தது. தக்காளியில் அது நூற்றுக்கு 12-ஐ ஒட்டி வந்தது. உங்களைப் போன்றவர்கள் பறிக்காமல் விட்டது அந்த 12-க்கும் வெளியே.

ஆண்டுச் சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. 2023 ஜூலை, ஆகஸ்டில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மத்திய அரசே வாங்கி 90 ரூபாய்க்கும், பிறகு 80-க்கும் 70-க்கும் விற்றது. வடசேரி கனகமூலம் சந்தையில் பெண்கள் கால் கிலோ கேட்டு நின்றதை நான் பார்த்தேன். செப்டம்பரில் விலை விழுந்து விவசாயிகள் கண்ணீர் விட்டார்கள். ஜூலையில் வாங்க முடியாதவளும் செப்டம்பரில் விற்க முடியாதவரும் சேர்ந்து, ஆண்டுக் கணக்கில் ஆளுக்கு 39 கிராமாக ஒரே புள்ளியில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்தப் புள்ளியைப் பார்த்து 'எல்லோருக்கும் கிடைத்தது' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்கு என்னால் விலை வாங்கித் தர முடியாது. ஒரு முயற்சி மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊர்க் காற்று ஊரறிந்தது, காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்தக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் தக்காளி சீக்கிரம் காயும். விலை விழும் வாரத்தில் 10 கிலோவை மட்டும் எடுத்து, கழுவி, குறுக்கே வெட்டி, விதைச்சாற்றைப் பிழிந்துவிட்டு, உப்புத் தூவி, வலையடித்த தட்டில் பரப்புங்கள். ராத்திரி பனி படாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். வளைத்தால் ஒடியாமல், தோல் மாதிரி மடங்கும் பதத்தில் நிறுத்தினால் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை நிற்கும். காய்ந்த தக்காளியில் நூற்றுக்கு 14 கிராம் அளவில் புரதம் என்று போட்டிருப்பார்கள். தண்ணீர் போனதால் எண் பெரிதாகத் தெரிகிறது, புது சத்து ஒன்றும் சேரவில்லை. ஆகவே புரதம் என்று சொல்லி விற்க வேண்டாம். ரசத்துக்கும் குழம்புக்கும் மழைக்காலத்தில் தக்காளி விலை ஏறும்போது உதவும் என்று சொல்லி, பக்கத்து மகளிர் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள்.

காய வைத்தது எத்தனை கிலோ, கிடைத்தது எத்தனை கிராம், எத்தனை நாள் ஆனது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். உழுத நிலத்தின் பரப்பையும் சேர்த்து எழுதுங்கள். குலசேகரத்து மாணவியின் ப்ராஜெக்டில் அதற்கென்று ஒரு பக்கம் வைக்கச் சொல்லி அவளுக்கு எழுதுகிறேன்.